வளர்ந்துகொண்டே போன காணாங்கோழி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் வீட்டுக்காரியும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி தேவலையா? மாமா இன்னும் மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, மூச்சு வாங்குவதை மறைக்க ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறாரா? இரண்டு பேரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மேலே படிக்கும் முன் எனக்கு ஒரு சத்தியம் வேண்டும். சிரிக்கக் கூடாது.

இன்று காலை ஆறு மணித் தண்ணீர் அளவு எடுக்க வழக்கம்போல எங்கள் நீர்த்தேக்கத்தின் மதகுக்குப் போனேன். "என் தம்பி கம்பத்தைப் பாக்குறதுக்குச் சம்பளம் வாங்குறான்" என்று ஊரெல்லாம் சொல்வாயே, தண்ணீர் மட்டம் காட்டும் அந்த அளவுக் கம்பத்தை ஒட்டிப் பாறையில் வெட்டிய கல்படிகள் இருக்கின்றன. இப்போது அங்கே கோரைப்புல் மண்டிக் கிடக்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு பறவை வெளியே வந்தது. கோழிக்குஞ்சைவிடப் பெரியது, கோழியைவிடச் சின்னது. உடம்பு முழுக்கக் காப்பித்தூள் நிறம். கழுத்தில் மட்டும் யாரோ சுண்ணாம்பைத் தொட்டு இழுத்த மாதிரி ஒரு வெள்ளை வளையம். கால் மஞ்சள். குட்டை வாலைச் சும்மா சும்மா சுண்டிக்கொண்டே இருந்தது. நான் மூச்சுக்கூட விடவில்லை. அப்புறம் பாழாய்ப்போன இருமல் வந்தது. அது போய்விட்டது.

அக்கா, போன வருஷம் நாங்கள் வந்தபோது உன் மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் என்னை நிறுத்தினாய். "வெண்வளையக் காணாங்கோழி. நல்லாப் பாத்துக்கோ. கடைசியாப் பாத்து எழுபது வருஷம் ஆச்சு, இனிமே உலகத்துலயே கிடையாது" என்றாய். நானும் நல்லாத்தான் பார்த்துக்கொண்டேன். அதனால்தான் சொல்கிறேன், அதேதான்.

வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். "யார் வீட்டுக் கோழியோ தப்பிச்சு வந்திருக்கும்" என்றாள். நீயாவது வேறு பதில் எழுது.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 20

அன்புள்ள டயருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான். மாமா இப்போது ஜன்னலை விட்டுவிட்டு, படியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிறார். வார் இல்லாத செருப்பு.

சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லை, மன்னித்துவிடு. ஏழு வயதில் லாரி டயர் ஒன்று தண்ணீரில் மிதந்ததைப் பார்த்து "முதலை, முதலை" என்று தெருவையே கூட்டியவன் நீ. நம் அப்பா கையில் கம்போடு ஓடி வந்து அந்த டயரை நாலு சாத்து சாத்தினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு வலிக்கிறது.

என் வேலை உனக்கு முழுதாகத் தெரியாது. பாடம்செய்த பறவைகளைத் தூரிகையால் துடைத்து, அட்டை எழுதி, இழுப்பறையில் வைப்பது பாதி வேலை. மீதிப் பாதி, உன்னைப் போன்றவர்களுக்குப் பதில் போடுவது. இல்லாமல்போன மிருகத்தைப் பார்த்தேன், பறவையைப் பார்த்தேன் என்று வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து கடிதம் வரும். ஒருத்தர் அனுப்பிய புகைப்படத்தில் இருந்தது நனைந்த நாய். இன்னொருத்தர் ஒரு இறகைப் பத்திரமாக ஒட்டி அனுப்பியிருந்தார், தலையணையிலிருந்து வந்தது. எல்லாருக்கும் அனுப்ப அட்டை அச்சடித்து வைத்திருக்கிறோம். உனக்கும் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், சுவரில் மாட்டிக்கொள்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிடும் உயிரினம் பல ஆண்டுகளுக்கு முன்பே முற்றிலும் அழிந்துவிட்டது. தாங்கள் கண்டது வேறொன்றாக இருக்கக்கூடும். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

ஆனாலும் அந்த வாலைச் சுண்டுவது எனக்கு உறுத்துகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பது வாலைச் சுண்டாது. இந்த ஜாதி வாலைச் சுண்டும் என்று பழைய குறிப்பில் மட்டும்தான் இருக்கிறது, நான் உனக்கு அதைச் சொன்னதாகவும் ஞாபகம் இல்லை. இன்னொரு தடவை வந்தால் எவ்வளவு உயரம் என்று பார்த்து எழுது. முழம், ஜாண் வேண்டாம்.

உன் வீட்டுக்காரியின் மழலைப் பள்ளி எப்படிப் போகிறது? நாற்பது வாண்டுகளையும் உன்னையும் சேர்த்து மேய்க்கிறாளே, அவளுக்குத்தான் கோயில் கட்ட வேண்டும்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் அட்டையை வீட்டுக்காரி நிஜமாகவே சமையலறையில் ஒட்டிவிட்டாள். நான் சாதம் குழைந்துவிட்டது என்று சொன்னால், அவள் கரண்டியால் அந்த அட்டையைக் காட்டுகிறாள்: "தாங்கள் கண்டது வேறொன்றாக இருக்கக்கூடும்."

சரி, கேட்டாயே, இதோ உயரம். இருபத்துமூன்று சென்டிமீட்டர்.

குத்துமதிப்பு இல்லை. அந்தக் கல்படிகளில் மேல்படி, கம்பத்தில் இருநூறு என்ற எண்ணுக்கு நேராக இருக்கிறது. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முந்தாநாள் காலை பறவை அந்தப் படியில் ஏறி, கோரைப்புல்லுக்குப் பின்னால் கம்பத்தை ஒட்டி நின்றது. காலைப் புல் மறைத்தது. தலை மட்டும் கம்பத்தின் கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்கு முன்னால் தெரிந்தது. தண்ணீர் அளக்கும்போது செய்கிற மாதிரியே குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். உச்சந்தலை இருநூற்று இருபத்துமூன்று. உலகத்தில் எந்தப் பறவையையும் யாரும் இவ்வளவு ஒழுங்காக அளந்திருக்க மாட்டார்கள். பிடிக்காமல், சுடாமல், ஒரு இறகு கலையாமல்.

கம்பத்தைச் சந்தேகப்படாதே. நாங்கள் மாதம் ஒரு தடவை அதைச் சரிபார்க்கிறோம். கரைப் பாறையில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறது. அதுதான் எங்களுக்கு அடிப்படை, அது அசையாது. தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு முனையைக் குமிழிலும் மறுமுனையைக் கம்பத்திலும் பிடித்தால் தலைமுடி அளவு வித்தியாசமும் தெரிந்துவிடும். நான் நினைப்பதை எழுதுகிறவன் இல்லை அக்கா, கம்பம் சொல்வதை எழுதுகிறவன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிக் கொடு.

தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள டயருக்கு,

எல்லாரும் நலம். மாமா சளி பிடித்து மூன்று நாள் படுத்தார், இப்போது பரவாயில்லை.

இருபத்துமூன்று என்றதும் கடிதத்தை மடிக்காமலே போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். உன்மேல் எனக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நின்ற நிலையில் இருக்கும் ஆண் பறவையைத் தரையிலிருந்து உச்சந்தலை வரை மூன்று தடவை அளந்தேன். பத்தொன்பது. பெட்டை அதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு என்று பழைய அட்டையில் இருக்கிறது. நாலு சென்டிமீட்டர் என்பது உனக்குக் கொஞ்சம். இந்தச் சைஸ் பறவைக்கு அது, மாமாவைக் கதவு நிலையில் இடிக்கிற உயரத்துக்கு வளர்த்துவிட்ட மாதிரி.

எங்கள் பெரியவரிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். முட்டைகளை ஆராய்ந்தே பட்டம் வாங்கியவர், அதனால் நாங்கள் முட்டைக்காரர் என்போம், அவருக்கும் தெரியும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாலு சென்டிமீட்டர் கூட இருந்தா அது வேற ஜாதிம்மா. இல்ல, பாத்தவர் கண்ணுல கோளாறு" என்றார்.

கோபித்துக்கொள்ளாதே. உனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. அப்பாவுக்கு இந்த வயதில்தான் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டு. பறவைக்காக இல்லாவிட்டாலும், நீ எழுதுகிற எண்ணைப் பார்த்துத்தான் மதகைத் திறக்கிறார்கள், அதற்காக.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

நலம். நலமறிய அவா.

கண் டாக்டரிடம் போனேன். எழுத்து அட்டையின் கடைசி வரியை மட்டும் இல்லை, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்ததே, அதையும் படித்தேன். டாக்டர், "உங்களுக்கு எதுக்குய்யா கண்ணாடி, எனக்குக் குடுங்க அந்தக் கண்ணை" என்றார். சீட்டை இணைத்திருக்கிறேன். உன் முட்டைக்காரரிடம் காட்டு.

பறவை இரண்டு தடவை வந்தது. பத்து நாள் முன்னால் பார்த்தபோது இருபத்துநாலு. நேற்று இருபத்துநாலரை. என்னைத் திட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், ஆமாம், வளர்கிறது. குஞ்சாக இருக்குமோ என்னவோ. வீட்டுக்காரி, "அடுத்த மாசம் உங்க இடுப்பு வரைக்கும் வந்து, ஆறு மணி அளவை அதுவே எழுதிக்கும்" என்கிறாள். இந்த வீட்டில் எனக்கு ஒரு மரியாதை இல்லை.

புல்லை வெட்டச் சொல்லி உத்தரவு இருக்கிறது. நான் வெட்டவில்லை. அது அங்கேதான் ஒளிகிறது.

தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

கண் சீட்டைப் பார்த்தேன். டயர் என்று இந்தக் கடிதத்தில் கூப்பிடவில்லை, கவனித்தாயா? முழங்காலுக்கு ஒரு தைலம் கிடைத்தது, கொஞ்சம் கேட்கிறது. மாமா நன்றாக இருக்கிறார்.

இனி கேலி இல்லாமல் எழுதுகிறேன். வெள்ளை வளையம் முழுதாக விழுந்த பறவை வளர்ந்து முடிந்த பறவை. குஞ்சுக்கு வளையம் கிடையாது. முடிந்தபின் அது ஒரு நூல்கூட வளராது, நீயும் நானும் வளராத மாதிரி. இழுப்பறையில் இருக்கிற இதே ஜாதிப் பறவைகள் மூன்றின் கால் எலும்பையும் அளந்தேன். தோல் சுருங்கும், எலும்பு சுருங்காது. பெட்டிக்குள் நிற்கிற பறவை சரிதான், பத்தொன்பதுதான். உன் கண்ணும் சரி.

அப்படியானால் மிச்சம் என்ன இருக்கிறது?

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், வெளியே சொன்னால் மானம் போகும். இங்கே எங்களிடம் ஒரு மர அளவுகோல் இருந்தது. நல்ல கட்டை, எல்லாரும் அதைத்தான் எடுப்போம். அதன் முனை தேய்ந்து, பூஜ்யம் இருந்த இடமே போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. ஆறு வருஷம் எல்லாப் பறவையையும் இரண்டு மில்லிமீட்டர் கூட்டி எழுதினோம். ஒருநாள் சிட்டுக்குருவி எல்லாம் ஏன் இப்படிக் கொழுத்துவிட்டது என்று முட்டைக்காரர் கேட்டபோதுதான் தெரிந்தது. குருவி குருவியாகத்தான் இருந்தது.

உன் பறவைக்குக் கீழே இருக்கிற படியை நீ பார்க்கவில்லை, புல் மறைக்கிறது. இருநூறு என்று மனப்பாடமாகச் சொன்னாய். கம்பம் இறங்கியிருந்தால், அசையாத பாறைப் படிக்கு நேரே இப்போது பெரிய எண் இருக்காதா? மாதாமாதம் சரிபார்க்கிறோம் என்று பெருமையாக எழுதியிருந்தாய். போன மாதம் பார்த்தபோது எவ்வளவு இருந்தது? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 7

என் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கண் டாக்டரிடம் போகச் சொன்னதற்கே இரண்டு வாரத்தில் கோபமாகவாவது எழுதினாய். நான் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைக்கிறேன். கேட்கத்தான் வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

மாமா, "அவன் வேலையா இருப்பான், விடு" என்கிறார். உன் பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குத் தெரியும். நீ பேசாமல் இருந்தால் ஏதோ செய்துவிட்டாய் என்று அர்த்தம். எதுவாக இருந்தாலும் எழுது. நான் உன் அக்கா, அரசாங்கம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எல்லாரும் உயிரோடு, சௌக்கியமாக இருக்கிறோம். அதற்கு நீதான் காரணம். மீதியை மெதுவாகப் படி.

போன மாதம் பார்த்தபோது எவ்வளவு என்று கேட்டாய். நான் பார்க்கவில்லை. அதற்கு முந்தின மாதமும் பார்க்கவில்லை. பதினாலு மாதம் "சரிபார்த்தேன், சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குழாயைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். கூட இருந்தவர் ஓய்வுபெற்றுப் போனார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. முதல் மாதம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். இரண்டாவது மாதம் கை தானாக எழுதியது. நினைப்பதை எழுத மாட்டேன் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, அன்றைக்குக்கூட எனக்கு உறைக்கவில்லை. உன் கேள்வியைப் படித்தபோதுதான் உறைத்தது.

கம்பம் தனியாக நிற்பது இல்லை அக்கா. மதகுத் தூணில் பதித்தது. கம்பம் இறங்குகிறது என்றால் தூண் இறங்குகிறது.

அது தெரிந்தும் இரண்டரை வாரம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பொய் எழுதியது வெளியே வரும், வேலை போகும். சொன்னால் தேக்கத்தை வடிப்பார்கள், புல் காயும், அந்தப் பறவை போய்விடும். இந்த இரண்டில் எது என் வாயை அடைத்தது என்று கேட்காதே. கரைக்குக் கீழே மூன்று தெருவும் ஒரு மழலைப் பள்ளியும் இருப்பதை நான் நினைக்கவே இல்லையா என்றும் கேட்காதே. தினமும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே போய் ஆறு மணி அளவு எழுதினேன்.

சட்டையைத் துவைக்க எடுத்த வீட்டுக்காரி பையில் உன் இரண்டு கடிதத்தையும் பார்த்துவிட்டாள். குழாயை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க, ஒரு முனையை நான் பிடிக்கிறேன்" என்றாள். பித்தளைக் குமிழில் அவள் பிடித்தாள், கம்பத்தில் நான் பிடித்தேன். புல்லை விலக்கிப் படியைப் பார்த்தேன். இருநூறில் இருந்த படி இருநூற்று ஆறில் இருந்தது. அவள் கரைமேல் நின்று கீழே தன் பள்ளியின் ஓட்டுக்கூரையைப் பார்த்தாள். "நாளைக்குப் பிள்ளைங்களை நான் அங்க உக்கார வைக்க மாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள்.

நானே போய்ச் சொன்னேன். பதினாலு மாதப் பொய்யையும் சேர்த்து. எஞ்சினியர் என்னைத் திட்டுவதற்குக்கூட நிற்காமல் மதகுக்கு ஓடினார். தூணின் பின்பக்கம் கட்டைவிரல் நுழைகிற வெடிப்பு. மத்தியானத்துக்குள் மூன்று தெருவையும் காலி செய்து, மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாளாகத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தார்கள். வடிந்தபின் பார்த்தால், தூணுக்கு அடியில் மண் கரைந்து ஒரு ஆள் படுத்துக்கொள்கிற அளவுக்குப் பொந்து. இன்னும் ஒரு பெரிய மழையைத் தாங்கியிருக்காது என்றார் எஞ்சினியர்.

அப்புறம்தான் கேட்டார். "எப்படிய்யா கண்டுபிடிச்ச?"

"ஒரு பறவை வளந்துச்சு சார்" என்றேன்.

அவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள டயருக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்கு உரக்கப் படித்தேன். பாதியில் என்னால் முடியாமல் அவர் வாங்கிப் படித்தார். அவருக்கும் முடியாமல், ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை.

திட்ட வேண்டியதை முதலில் திட்டிவிடுகிறேன். பதினாலு மாதம்! அந்த இரண்டரை வாரத்தை என்னால் இன்னும் முழுங்க முடியவில்லை. நேரில் வரும்போது உன் காதைத் திருகுவேன், நாற்பத்தாறு வயது என்று பார்க்க மாட்டேன். திட்டு முடிந்தது.

இப்போது மீதி. நீ போய்ச் சொன்னாய். கையெழுத்துப் போட்ட பொய்யைத் தானே போய்ச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? உன் வீட்டுக்காரிக்கு என் நமஸ்காரத்தைச் சொல், வயதில் சின்னவளாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் பிடித்த அந்த முனை மட்டும் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு யாருக்குக் கடிதம் எழுதுவேன் என்று நினைத்தால் பேனா நகர மறுக்கிறது. நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள். அது போதும், ரொம்பப் போதும்.

என்னிடமும் ஒரு குற்றம் இருக்கிறது. நேற்றுப் பழைய கோப்பை எடுத்து உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த அட்டையை அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்குக்கூட, எவ்வளவு உயரம் என்று திருப்பிக் கேட்டதில்லை. உன்னிடம் கேட்டது நீ என் தம்பி என்பதால்தான். நீயும் சரிபார்க்காமல் "சரி" என்று எழுதினாய், நானும் சரிபார்க்காமல் "இல்லை" என்று எழுதினேன். கோப்பை இப்போது முதலிலிருந்து படிக்கிறேன், தலையணை இறகு உட்பட.

பறவை என்ன ஆயிற்று? வேலை என்ன ஆயிற்று? இரண்டையும் நீ எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். தெருக்காரர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். உன் முழங்காலுக்குத் தைலம் தீர்ந்திருந்தால் எழுது, இங்கேயும் கிடைக்கிறது.

வேலையிலிருந்து மூன்று மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணையில் எஞ்சினியர், "பொய் எழுதினது இவன்தான். கண்டுபிடிச்சதும் இவன்தான். ரெண்டையும் எழுதிக்குங்க" என்று சொன்னாராம். ஆகஸ்டில் திரும்பச் சேரலாம். கூட ஒரு ஆளும் போடுகிறார்கள். எனக்கு இது அதிகம் என்று தெரியும் அக்கா. யாராவது தெருவில் கையைப் பிடித்து நன்றி சொன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. "என்கிட்ட சொல்லாதீங்க, அந்தப் பறவைகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

அதனால் மழலைப் பள்ளியில் நாற்பது வாண்டுகளும் அந்தப் பறவையை வரைந்து சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றுக்கு மீசை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வெள்ளை வளையம் இருக்கிறது, அவள் விடாமல் போட வைத்தாள். கோழி என்று சொன்னவள்தான்.

பறவை இல்லை. தேக்கம் இப்போது வெடித்த சேறு. கோரைப்புல் காய்ந்து, சிமென்ட் மூட்டை இறக்க வழி வேண்டும் என்று வெட்டிவிட்டார்கள். தினமும் காலை ஆறு மணிக்குப் பழக்கத்தில் போய் நிற்கிறேன். எழுபது வருஷம் ஒளிந்து பிழைத்தது, என்னால் போய்விட்டது. அது எங்களை வாழ வைத்தது, நாங்கள் அதன் வீட்டைக் காய வைத்தோம். நன்றி சொல்லக்கூட ஆள் இல்லாத நன்றிக்கடன் இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

உன் இழுப்பறையில் அந்த மூன்றையும் அடுத்த தடவை துடைக்கும்போது, என் பேரைச் சொல்லிக் கொஞ்சம் மெதுவாகத் துடை.

தம்பி


டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இரண்டு கடிதம் எழுதியும் பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. மாமாவுக்குப் புதுச் செருப்பு பொருந்தியதா? முழங்கால்?

இங்கே செப்டம்பரில் நல்ல மழை. புதுத் தூண், புதுக் கம்பம், தேக்கம் நிரம்பிவிட்டது. கோரைப்புல்லும் திரும்ப முளைத்துவிட்டது. புதிதாக வந்தவர் குழாயின் ஒரு முனையைப் பிடிக்கிறார், நான் மறுமுனையை. முதல் தேதியும் பிடித்தோம். படி சரியாக இருநூறில் இருக்கிறது. இப்போது மனப்பாடமாகச் சொல்லவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பதிவேட்டில் "புல் வெட்டப்பட்டதா" என்று ஒரு பத்தி உண்டு. இந்த மாதம் அதில், "வெட்டவில்லை. காரணம்: உள்ளே குடும்பம் இருக்கிறது" என்று எழுதினேன். எஞ்சினியர் அதைப் படித்தார். என்னோடு வந்து படிக்கட்டில் குனிந்து அரை மணி நேரம் உட்கார்ந்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

நேற்றுக் காலை ஆறு மணி அளவை அப்படியே எழுதி அனுப்புகிறேன். எல்லாம் படியிலிருந்து உச்சந்தலை வரை, புதுக் கம்பத்தில், வெளிச்சம் நன்றாக இருந்தபோது.

பத்தொன்பது.
பதினெட்டு.
ஆறு.
ஆறு.
ஐந்தரை.

தம்பி


டிசம்பர் 12

(அச்சடித்த அட்டை. நடு இரண்டு வாக்கியங்களும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன. மிச்சம் இருப்பது:)

தங்கள் கடிதம் கிடைத்தது.

தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

(பின்பக்கம், நீல மையில்:)

தம்பி, அடித்தது நான் இல்லை. முட்டைக்காரரே அடித்தார், கோடு எப்படிக் கோணலாகப் போயிருக்கிறது பார். அட்டையின் கடைசி வரியை மூன்று தடவை படித்துவிட்டு, "இதை அடிக்க வேணாம்" என்றார். நானும் அவரும் வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறோம். மாமாவும் வருகிறார், எத்தனை படி என்று கேட்டார், சொல்லவில்லை. எல்லாரும் நலம். நாங்கள் வருகிறவரை யாரையும் இருமவிடாதே.

அக்கா